கட்டுரை நோட்டும் பத்து அழகும்

மாணவர் கட்டுரை ஒன்று நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரே தலைப்பில் எழுதிய நாற்பது கட்டுரைகளை ஒரே மாலையில் படித்தால் போதும். முப்பதுக்கு மேற்பட்டவை ஒரே ஆள் எழுதியவை போல இருக்கும். தொடக்கம் ஒன்று, உட்தலைப்புகள் ஒன்று, முடிவில் வரும் அறிவுரையும் ஒன்று. எழுத்துப்பிழை அதிகம் இராது; இலக்கணமும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். படித்து முடித்ததும் ஒரு வரிகூட மனத்தில் தங்காது. மிச்சமுள்ள நான்கைந்தில்தான் பெயரைப் பார்க்காமலே எழுதிய பிள்ளையின் முகம் தெரியும். பிழைகள் அவற்றில் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கலாம். கட்டுரைக்குரிய நல்ல பண்புகளைத் தேடுகிறவர் இந்த நான்கைந்தில்தான் தேட வேண்டும்.

தமிழில் இந்தத் தேட்டம் மிகப் பழையது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்திலேயே குற்றம் பத்தையும் அவற்றோடு அழகு பத்தையும் வைத்திருக்கிறது. குறைத்துச் சொல்வது குற்றம். மிகைபடச் சொல்வதும் குற்றம். சொன்னதைத் திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணுவது, எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்துபோவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சுருக்கம், தெளிவு, முறை, ஆழம், ஓசை, விளக்கமான உதாரணம் ஆகியவை அழகின் பக்கம் நிற்கின்றன. இவை நூல் செய்யும் புலவனுக்குச் சொல்லப்பட்டவை. தேர்வுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதும் பிள்ளையைப் பவணந்தியார் நினைத்திருக்க மாட்டார். இருந்தாலும் பள்ளிக் கட்டுரையைத் திருத்த உட்காருகிறவருக்கு இதைவிடப் பயன்படும் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.

இதை எழுதுபவர் படித்த காலத்தில் அது மனப்பாடப் பகுதியாக இருந்தது. 1980களில், பிரிக்கப்படாத தஞ்சை மாவட்டத்தின் கடைமடையில், முள்ளியாற்றுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி அது. இலக்கணத்துக்கு ஒரு பீரியட், கட்டுரைக்கு ஒரு பீரியட். முதலாவதில் பத்து அழகையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். தடுக்கினால் பெஞ்சுமேல் ஏற வேண்டும். இரண்டாவதில் கரும்பலகையில் எழுதிப்போட்ட முன்னுரையைப் பார்த்து எழுத வேண்டும். சுருங்கச் சொல்வதே அழகு என்று ஒப்பித்த அதே பையன், மறுநாள் ஒரே கருத்தை ஆறு வரிக்கு இழுத்து எழுதினான். அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. கட்டுரை நோட்டுக்குக் காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மற்ற நோட்டுகளுக்கு இல்லாத மரியாதை கொடுப்பார்கள். உள்ளே இருந்ததெல்லாம் கடையில் வாங்கிய கட்டுரைப் புத்தகத்தின் நகல்.

ஒன்பதாம் வகுப்பில் மாற்றலாகி வந்த தமிழய்யா ஒருவர்தான் இரண்டு பீரியடையும் ஒன்றோடொன்று பேசவைத்தார். அவர் கொடுத்த முதல் தலைப்பு ‘எங்கள் ஊர் ஆறு’. வந்த நோட்டுகள் அனைத்திலும் காவிரி குடகில் பிறந்து, வளைந்து நெளிந்து ஓடி, மக்களை வாழவைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வகுப்பில் மூன்று நோட்டுகளிலிருந்து முதல் பத்தியை மட்டும் பெயர் சொல்லாமல் வாசித்து, எது யாருடையது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எழுதிய மூன்று பேருக்கும்கூடத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பிறகு கடைசி பெஞ்சுக்காரன் ஒருவனை எழுப்பினார்.

“ஒங்க ஊருக்கு இந்த வருசம் தண்ணி எப்படா வந்துச்சு?”

“லேட்டுதான் அய்யா. கடைமடையில்ல?”

“வந்தப்ப நீ எங்க இருந்தே?”

“மதகுலதான் அய்யா, அப்பாவோட. ராத்திரி முழுக்க.”

“அதை ஏன்டா எழுதலை?”

“அதெல்லாம் கட்டுரையில வருமா அய்யா?”

மாணவர் எழுத்தின் முதல் நோய் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறுகளாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடை வயலை எட்டுவதற்குள் மேல்மடைக்காரர்கள் நாற்று விட்டிருப்பார்கள். முதல் தண்ணீர் தண்ணீராக வராது. சருகும் சுள்ளியும் செருப்பும் நுரையுமாக ஒரு குப்பைக் கோடு முன்னால் வரும். காய்ந்த மண் நனையும் வாசனை அதற்கும் முன்னால் வரும். முறை யாருடையது என்று மதகடியில் சண்டை நடக்கும். அந்தப் பையனுக்கு இது அத்தனையும் தெரியும். இது கட்டுரைக்கு லாயக்கில்லாத விஷயம் என்று மட்டும் யாரோ, எப்போதோ, சொல்லாமலே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாத குடகைப் பற்றி எழுதினான்.

இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. உண்மையான காரணம் பயம். ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுதும்போது பிழை வரும். ஒற்று விடும், பேச்சு வழக்கு நுழையும், வாக்கியம் பாதியில் திசைமாறும். இவை ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். சுழி விழுந்த சொல்லை ஐந்து தடவை எழுதிக்காட்ட வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியத்துக்குச் சுழி விழாது. ஒன்றிரண்டு வருஷத்தில் எது பாதுகாப்பு என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. சுழி இல்லாத பக்கம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை அதைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை என்பதை இருவரும் கண்டுகொள்வதில்லை. நன்னூல் வெற்றெனத் தொடுத்தல் என்று குறித்த குற்றம் இதுதான். மற்ற ஒன்பதையும்விட இதுவே பள்ளிக் கட்டுரையை அதிகம் கெடுத்திருக்கிறது. திருத்துவதற்குப் பிழையே இல்லாததால், இது இருப்பது கண்ணில் படுவதும் இல்லை.

நல்ல கட்டுரை தலைப்பைப் படிப்பதில் தொடங்குகிறது. ‘நூலகத்தின் பயன்கள்’ என்பதும் ‘எங்கள் ஊர் நூலகம்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவது பொதுவானது, நூலகம் என்ற ஏற்பாடு எதற்கு என்று கேட்கிறது. இரண்டாவது ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைக் கேட்கிறது: எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எந்த அலமாரி பூட்டியே கிடக்கிறது, நாளிதழுக்கு யார் முதலில் வருகிறார்கள். இரண்டுக்கும் ஒரே கட்டுரையை எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளே அதிகம். தேர்வில் குறிப்புச்சட்டகம் கொடுத்திருந்தாலும் நிலைமை மாறுவதில்லை. குறிப்பு என்ன கேட்கிறது என்று பார்க்காமல் அதை அப்படியே உட்தலைப்பாக்கி அடிக்கோடிட்டு, கீழே மனப்பாடத்தைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது.

தலைப்பிலிருந்து விலகுவதற்கு நல்ல சான்று மழைநீர் சேகரிப்பு. 2003இல் தமிழ்நாட்டுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, அந்தத் தலைப்பு வராத பள்ளியே இல்லை. தொண்ணூறு சதவீதம் விடைகளில் பாதிப் பக்கம் நீரின் பெருமைக்குப் போய்விடும். நீர் இன்றி உலகம் இல்லை என்பதை யாரும் மறுக்கவில்லை. மழைநீரை எப்படிச் சேகரிப்பது என்பதுதான் கேள்வி. மொட்டைமாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்குகிறது, குழிக்குள் கூழாங்கல்லும் மணலும் எதற்கு, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை ஏன் வெளியே விட வேண்டும் என்று மூன்று பத்தி எழுதினால் கட்டுரை முடிந்துவிடும். அதில் நீரின் பெருமையைத் தனியாகச் சொல்லவும் தேவையில்லை.

அடுத்தது திரட்டுவது. அந்தத் தமிழய்யா இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். தலைப்பைக் கொடுத்ததும் எழுத விடமாட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த விஷயத்தைப் பற்றிக் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, படித்தது என்று மூன்று பத்தியாகப் பிரித்துக் குறிக்கச் சொல்வார். படித்தது நிரம்பி வழியும். பார்த்தது காலியாக இருக்கும். காலியாக இருக்கிற பத்தி நிரம்பும்வரை கட்டுரை தொடங்கக் கூடாது. சில தலைப்புகளில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் யாரையாவது கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஒரு வாரம் வீணாகிறது என்று முணுமுணுப்பு எழுந்ததும் உண்டு.

அப்படிக் கேட்டுக்கொண்டு வந்ததில் மறக்க முடியாதது ‘விடுதலைப் போரில் தமிழகம்’. தண்டியைப் பற்றி வகுப்பு முழுவதும் எழுதியது. தண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரைபடத்தில் விரல் வைக்கத் தெரியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு பஸ் வருகிற சாலை அது. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு மக்கள் அந்த உத்தரவைத் தாண்டினார்கள். முன்வரிசையில் உட்காரும் பெண் ஒருத்தி தன் பாட்டியிடம் இதைக் கேட்டு வந்து எழுதினாள். பொட்டலம் எந்த மரத்தில் தொங்கியது, எறும்பு ஏறாமல் இருக்க என்ன செய்தார்கள் என்பதுவரை அதில் இருந்தது. தியாகம் என்ற சொல் அந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லை. விளங்கு உதாரணம் என்று நன்னூல் சொல்வதற்கு வகுப்பில் அதன் பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

முன்னுரையில் பெரிய கலை எதுவும் இல்லை. வாசிக்கிறவருக்கு, இது எதைப் பற்றியது என்று சொன்னால் போதும். உலகம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கும் பழக்கத்தை விட்டாலே பாதி முன்னுரை சீராகிவிடும். இன்றைய நவீன உலகில் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை நீக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாம் வாக்கியமே நல்ல தொடக்கமாக இருக்கும். தொடக்கத்தைக் கடைசியில் எழுதலாம் என்பது அனுபவசாலிகளின் யோசனை. தேர்வு மண்டபத்தில் நாலு வரி இடம் விட்டுவிட்டு எழுதிய துணிச்சல்காரர்களும் இருந்தார்கள்.

முறையின் வைப்பு என்பது உட்தலைப்புகளை அடுக்குவதாகச் சுருங்கிவிட்டது. உண்மையில் அது பத்திக்குள் நடக்கிற வேலை. ஒரு பத்தியில் ஒரு செய்தி. அந்தச் செய்தி முடிந்த இடத்திலிருந்து அடுத்த பத்தியின் செய்தி பிறக்க வேண்டும். சோதிக்க எளிய வழி, இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் பார்ப்பது. மாற்றியும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அங்கே முறை இல்லை, அடுக்குதான் இருக்கிறது. மரம் வளர்ப்பின் பயன்கள் ஏழு என்று எழுதிய கட்டுரையில் ஏழையும் எப்படிக் கலைத்துப்போட்டாலும் அப்படியே நிற்கும். ஒரு வேப்பங்கன்று நட்ட நாளிலிருந்து அதன் நிழலில் கட்டில் போட்ட நாள்வரை எழுதிய கட்டுரையில் ஒரு பத்தியைக்கூட நகர்த்த முடியாது. கதை படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த முறை தானாகவே கைவரும். அம்புலிமாமாவும் பூந்தளிரும் கிழியக் கிழியப் படித்தவர்கள் கட்டுரையிலும் அடுத்து என்ன என்ற கேள்வியைக் கைவிடமாட்டார்கள். அவற்றை வகுப்பில் பிடுங்கிவைத்த ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைப் பாடத்துக்குத் தாங்களே குழிபறித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாக்கியத்தின் நீளம் தமிழில் தனிச் சிக்கல். வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போக மொழி இடம் கொடுக்கிறது. சென்று, கண்டு, வியந்து, எண்ணி என்று போகப் போக எழுவாய் எங்கோ பின்தங்கிவிடும். முற்று வரும்போது அது யாருடைய வினை என்று எழுதியவருக்கே மறந்துபோகும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் பாலபாடங்களை எழுதியபோது, உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி வாக்கியத்துக்கு எல்லை கட்டினார். மு. வரதராசன் சின்ன வாக்கியங்களால் ஒரு தலைமுறையின் நடையை மாற்றினார். கல்லூரி மாணவர்கள் அவருடைய நாவல்களைப் படித்துவிட்டு வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் அந்தச் சாயல் தெரியும். பேச்சை ஒட்டியே எழுத வேண்டும் என்பது பாரதியின் கட்சி. பள்ளிக் கட்டுரைக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு வாக்கியத்தில் ஒரு முக்கிய வினை, தேவைப்பட்டால் ஓர் எச்சம், மூன்றாவது எச்சம் வந்தால் முற்றுப்புள்ளி. ஆனால் எல்லா வாக்கியமும் நாலு சொல்லாக இருந்தால் படிப்பது விக்கல் போல ஆகிவிடும். நீளமும் குட்டையும் கலந்து வர வேண்டும்.

பொருள் மயங்குவதும் இங்கேதான் நிகழ்கிறது. தலைவர் தொண்டரிடம் அவருடைய கடிதத்தைக் கொடுத்தார் என்று எழுதினால் கடிதம் யாருடையது? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. மயங்க வைத்தல் என்ற குற்றம் சந்தேகமான அறிவிலிருந்து பிறப்பதில்லை. தனக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் பிறக்கிறது.

நன்மொழி புணர்த்தல் என்பதைக் கடினமான சொல்லைத் தேடிப்போடுவது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். மழை பெய்தது என்றால் போதாது, வான்மழை பொழிந்தது என வேண்டும். அம்மா சமைத்தாள் என்பது அன்னையார் அறுசுவை உணவு படைத்தார் என்று ஆகும். இந்த இரண்டாவது வகை எழுத்தில் ஒரு வீடு வரும், அந்த வீட்டில் யாரும் வாழமாட்டார்கள். மறுபக்கம் பேச்சு வழக்கை அப்படியே எழுதுவதும் சரிப்படாது. உரையாடலுக்கு வெளியே போனாங்க, வந்தாங்க என்று எழுதினால் கட்டுரை நிற்காது. நடுவே பொதுத்தமிழ் என்று ஒரு அகன்ற சாலை இருக்கிறது. மதகு, தலைமடை, நாற்றங்கால், களத்துமேடு போன்ற ஊர்ச்சொற்கள் அந்தச் சாலையில் தாராளமாக நடக்கலாம். அவற்றைக் கொச்சை என்று நினைத்து அழிக்கிற ஆசிரியர் அகராதியைத் திறந்து பார்ப்பதில்லை.

எழுத்துப்பிழை பெரிய விஷயம் இல்லை என்று இதற்கெல்லாம் பொருள் இல்லை. மருந்து கடை என்றால் மருந்தைக் கடைவது; மருந்துக் கடை என்றால் கடைத்தெருவில் இருப்பது. ஒற்று பொருளையே மாற்றும் இடங்களில் அதை விடுவது குற்றம்தான். லகர ளகர ழகர வேறுபாடு, ரகர றகர வேறுபாடு, பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை போடாதிருப்பது ஆகிய மூன்றிலும் பயிற்சி இருந்தால் பெரும்பாலான பிழைகள் குறையும். அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ போன்ற நூல்கள் இதற்கென்றே இருக்கின்றன. சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. முதல் வாசிப்பிலேயே சுழி போடத் தொடங்கினால், பிள்ளை என்ன சொல்ல வந்தது என்பதை ஆசிரியர் கேட்காமலே போய்விடுகிறார். அந்தத் தமிழய்யா நோட்டை முதலில் கையில் பேனா இல்லாமல் படிப்பார். இரண்டாம் வாசிப்புக்குத்தான் பேனா. அப்போதும் ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் குறிப்பார். இந்த வாரம் ஒற்று என்றால் ஒற்று மட்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. அவர் கை பழக்கத்தில் பழைய துதிக்கை லையைத்தான் எழுதும். பையன்கள் அதைச் சுட்டிக்காட்டினால் சிரித்துக்கொண்டே, அந்தப் பிழைக்கு வயசு அதிகம் என்பார்.

மேற்கோள் இல்லாமல் கட்டுரை இல்லை என்பது பள்ளிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. வேறு நிற மையில் எழுதிக் கட்டம் கட்டினால் கூடுதல் மதிப்பெண் என்பார்கள். அதனால் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் இரண்டு குறளைப் பிள்ளைகள் தயாராக வைத்திருப்பார்கள். தூய்மைக்கும் அதுவே, தேசபக்திக்கும் அதுவே. குறள் மறந்துபோனால் சொந்தமாக ஒரு வரி எழுதி என்றார் பாரதி என்று முடித்துவிடும் துணிச்சலும் உண்டு. 38 வயதில் மறைந்த பாரதி தம் வாழ்நாளில் எழுதியதைவிட விடைத்தாள்களில் எழுதியது அதிகமாக இருக்கும். மேற்கோளுக்கு ஒரே வேலைதான்: எழுதியவர் தாமே சொன்னால் பலவீனமாக இருக்கும் இடத்தில் வலுச் சேர்ப்பது. அதை எடுத்துவிட்டாலும் பத்தி அப்படியே நின்றால் அங்கே அது அலங்காரம். பாட்டி சொன்ன வாக்கியமும் மேற்கோள்தான் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

கற்பனைக் கட்டுரைகள் தனி இனம். ஒரு குடையின் தன்வரலாறு, பத்து ரூபாய் நோட்டின் தன்வரலாறு, பழைய மிதிவண்டி பேசுகிறது முதலிய தலைப்புகளைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. பயிற்சி என்ற முறையில் அவை மிக நல்லவை. குடைக்கு நீரின் முக்கியத்துவம் பற்றிக் கருத்து இருக்க முடியாது. யார் கையில் இருந்தது, எந்தக் கம்பி வளைந்தது, எந்தப் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போனார்கள் என்றுதான் சொல்ல முடியும். அதாவது, பொது உரைகளுக்கு அங்கே இடமே இல்லை. பிள்ளைகள் தங்களையறியாமல் குறிப்பான செய்திகளுக்குத் தள்ளப்படுகிறார்கள். ஒரே ஆபத்து, கடைசிப் பத்தியில் குடை அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவது.

முடிவுரையும் அப்படித்தான் கெடுகிறது. உள்ளே நன்றாக எழுதிய பிள்ளைகூட, முடிவுரை என்று எழுதி அடிக்கோடிட்டதும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடும். நாமும் இதைக் கடைப்பிடிப்போம், நாட்டை உயர்த்துவோம் என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரே பந்தலில் போய்ச் சேரும். சென்று தேய்ந்து இறுதல் என்பது நீளம் குறைவதைப் பற்றியது இல்லை. தொடக்கத்தில் இருந்த வலு இறுதியில் இல்லாமல் போவதைப் பற்றியது. சொல்ல வந்த கடைசிச் செய்தி தீர்ந்த இடத்தில் நிறுத்திவிடலாம். குறிப்புச்சட்டகத்தில் முடிவுரை என்று இருந்தால், எஞ்சியிருக்கும் செய்திகளில் கனமானதை அங்கே வைக்கலாம். மதகடியில் இரவைக் கழித்த அந்தப் பையன் திரும்ப எழுதிய கட்டுரை, விடிகாலையில் தண்ணீர் தங்கள் வயலின் வரப்பை எட்டியதும் அப்பா பீடி பற்றவைத்ததோடு நின்றது. அதற்குக் கீழே நதிநீர் இணைப்பு பற்றி இரண்டு வரி எழுதி, அடித்திருந்தான்.

தேர்வில் எழுதும் கட்டுரைக்கு நேரம் ஒரு பெரிய நெருக்கடி. பத்தாம் வகுப்பில் முன்பு தமிழுக்கு இரண்டு தாள்கள். கட்டுரை இரண்டாம் தாளில் வரும். 2019-20 முதல் ஒரே தாள், மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். எட்டு மதிப்பெண் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. அந்தக் கால் மணியில் மூன்று நிமிடத்தைக் குறிப்பெடுக்கச் செலவழிப்பது வீண் இல்லை. அந்த மூன்று நிமிடம் இல்லாதவர்கள்தான் நடுவில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பக்கக் கணக்குக்கு மதிப்பெண் என்ற வதந்திக்கு அஞ்சி அகல அகலமாக எழுதுவதால் பயன் இல்லை. ஒரு நாளில் கட்டுக்கட்டாகத் திருத்துகிறவருக்கு, சொந்தமான செய்தி ஒன்று உள்ள முக்கால் பக்கம் தனியாகத் தெரியும்.

எழுதியதைத் திரும்பப் படிப்பதுதான் கடைசி வேலை. வீட்டிலும் வகுப்பிலும் இதை வாய்விட்டுச் செய்யலாம். ஓசை உடைமை என்று நன்னூல் நூலுக்குச் சொன்னதைக் காது சட்டென்று பிடித்துவிடும்: மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம், நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் பொருந்தவில்லை, குரல் தானாக மேடைக்கு ஏறும் இடத்தில் வெற்றுரை. தேர்வு மண்டபத்தில் உதடு அசையாமல் மனத்துக்குள் படித்தாலும் இதில் பாதி கிடைக்கும். வகுப்பில் அந்தத் தமிழய்யா பக்கத்து மாணவனின் கட்டுரையை வாசிக்கச் சொல்வார். எழுதியவன் தன் வாக்கியத்தை அடுத்தவன் தடுமாறிப் படிப்பதைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தச் சுழியும் தேவைப்படாது, அவனே பிடுங்கித் திருத்துவான்.

மதிப்பெண்ணை அவர் உடனே போடமாட்டார். கட்டுரையின் அடியில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் இருக்கும்: அந்த நூலகத்தில் மின்விசிறி உண்டா, உங்கள் அத்தை அப்போது என்ன சொன்னார், குளத்தில் யார் மீன் குத்தகை எடுத்தது. அந்தக் கேள்விக்கு விடையை உரிய பத்தியில் சேர்த்துத் திரும்ப எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் பத்துக்கு எத்தனை என்பது விழும். வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் கேள்விகள் குறைந்துகொண்டே வந்திருப்பது தெரியும். சிலர் கேள்விக்கு இடமே வைக்காமல் எழுதப் பழகியிருந்தார்கள். வேறு சிலர் கடைசிவரை கட்டுரைப் புத்தகத்தையே நம்பினார்கள், அரசுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள்.